ஒரு வாளித் தண்ணீர்

முப்பது வருடங்களாக நான் ஓர் எஞ்சினைக் கொன்றவளாக வாழ்ந்தேன். இதை நான் எங்கும் சொல்லிக்கொண்டு திரியவில்லை; மற்றவர்கள் சொன்னார்கள். வீட்டில் மணிக்கூடு நின்றால், "அக்கா கை வைச்சவவோ?" என்று தம்பி கேட்பான். கிணற்று மோட்டர் தண்ணீர் இறைக்க மறுத்தால் அயலவர்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

நாற்பத்து நான்கு வயதில், பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற ஒருத்தி, ஸ்கூட்டி ஓடப் பழகாமல் சுன்னாகத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிறாள் என்றால் எல்லோரும் பயம் என்றுதான் நினைப்பார்கள். பயம் இல்லை. எஞ்சின் உள்ள ஒரு பொருளைத் தொட எனக்கு உரிமை இல்லை என்று நான் உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கை போன சித்திரை மாதம், பாடசாலை விடுமுறையில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணியளவில் உடைந்தது. 

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவிடம் ஒரு பழைய உழவு இயந்திரம் இருந்தது; மெசின் என்றுதான் சொல்வோம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். எங்கள் செம்மண் தோட்டத்தையும் அயலில் பாதித் தோட்டங்களையும் அதுதான் உழுதது. அதன் ரேடியேற்றர் ஒழுகும். ஓட்டையை அடைக்கச் சாமான் கிடைக்காத யுத்த காலம் அது. டீசலே கிடைக்காமல் மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஒயில் கலந்து ஓடிய நாட்கள். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி இருந்தது: மெசினை ஸ்ராட் பண்ணுவதற்கு முன் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் அள்ளி ரேடியேற்றரில் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் ஓடினால் எஞ்சின் சூடேறி இறுகிப் போகும். இது ஆறு வயதுத் தம்பிக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவுக்குப் பக்கத்தில் மட்கார்ட்டில் உட்கார்ந்து போய்ப் போய் எல்லாவற்றையும் கண்ணால் பழகியிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அப்பா வெங்காயத்துடன் சந்தைக்குப் போயிருந்தார், அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறி ஸ்ராட் பண்ணினேன். அது உடனே ஸ்ராட் ஆனது. முதலாம் கியரில் வாழைத் தோட்டத்தைச் சுற்றி ஒரு சுற்று ஓடினேன். அந்த ஒரு சுற்றைப் போன்ற சந்தோஷம் பிறகு எனக்கு வாய்த்ததேயில்லை. இரண்டாம் சுற்றில், கடைசி வாழைப் பாத்தியடியில், முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. கருகல் நாற்றம். எஞ்சின் இரண்டு தரம் உதறிவிட்டுத் தானாகவே நின்றது.

தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.

அப்பா வந்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆறட்டும்" என்றார். அன்று பின்னேரமே, நான் அழுதழுது காய்ச்சல் வரப் போகிறது என்று சொல்லி, அம்மாவுடனும் தம்பியுடனும் அளவெட்டியில் இருந்த மாமி வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் நாங்கள் திரும்பி வந்தபோது அயலவர்கள் நாலைந்து பேர் மெசின் நின்ற கொட்டிலடியில் நின்றார்கள். அப்பா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எஞ்சின் இறுகிப் போச்சு. பிஸ்டன் பிடிச்சிட்டுது. இனி இது ஓடாது." என்னை ஒருவரும் ஏசவில்லை. பாவம் என்று பார்த்தார்கள். அது இன்னும் மோசம்.

ஒரு கிழமை கழித்து, சண்டைத் தேவைக்கென்று வாகனம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அந்த நாட்களில் வாகனம் வைத்திருப்பவர் வீட்டுக்கு யாராவது வந்து கேட்பார்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்தது திரும்பி வருமென்று இல்லை. அதனால் சனங்கள் டீசல் பம்பைக் கழற்றித் தோட்டத்தில் புதைப்பதும், சில்லைக் கழற்றிக் கிணற்றில் இறக்குவதும் வழக்கம். வந்தவர்களுக்கும் அது தெரியும். "கழட்டினதைக் கொண்டந்து பூட்டுங்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். அப்பா என்னைக் காட்டி, "இவளைக் கேளுங்கோ" என்றார்.

நான் சொன்னேன். வாளி, தண்ணீர், வாழைத் தோட்டம், ஆவி எல்லாவற்றையும் விக்கி விக்கிச் சொன்னேன். மூக்கால் ஓடியது. அவர்களில் ஒருவர் குனிந்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. "அழாதை தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு அப்பா என் தலையைத் தடவினார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் அழுதேன்.

அடுத்த மாதம் இடப்பெயர்வு. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் ஒழுங்கையால் போனது, எல்லோரும் உடனே வெளிக்கிட வேண்டுமென்று. மெசின் வைத்திருந்தவர்கள் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொளுவி, சட்டி பானை முதல் ஆடு வரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா கையில் ஸ்பானருடன் கொட்டிலுக்குள் ஓடினார். கொஞ்ச நேரம் எஞ்சினுக்கு முன்னால் நின்றார். பிறகு ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வந்து, "நடப்பம்" என்றார். மெசினிடம் விடைபெறப் போனார் என்று நான் நினைத்தேன்.

நடந்தோம். மழை. வீதி முழுக்கச் சனம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட அம்மாவின் ஒரு செருப்பு சேற்றோடு போனது. வெறுங்காலில் ஏதோ குத்தியது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். அந்தப் புண் ஆறவேயில்லை. கடைசியில் வலது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். அதன்பிறகு அம்மா வாழ்ந்த காலமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தார். என்னைக் குற்றம் சொன்னதேயில்லை. ஒரே ஒரு தரம், வீட்டுக்கு வந்த யாரோ காலைப் பற்றிக் கேட்டபோது, "எங்கடை மெசின் மட்டும் ஓடியிருந்தா..." என்று தொடங்கினார். கதவடியில் நான் நிற்பதைக் கண்டதும் பேச்சை வெங்காய விலைக்கு மாற்றினார். நான் சமையலறைக்குள் போய் உரலில் சம்பல் இடித்தேன். நிறைய இடித்தேன்.

நான்கு வருடங்களுக்கு முன் அம்மா போய்விட்டார். நானும் அப்பாவும் மட்டும் வீட்டில். தம்பி கனடாவில். மெசின் மட்டும் அதே தகரக் கொட்டிலில், அதே இடத்தில். நாங்கள் ஊர் திரும்பியபோது மற்றவர்கள் விட்டுப்போன மெசின்கள் காணாமல் போயிருந்தன. எங்களுடையது ஓடாததால் நின்றது.

இந்த வருடம் தம்பி தொலைபேசியில் சொன்னான், ஆவணியில் குடும்பத்தோடு வருவதாகவும், கொட்டில் இருக்கிற இடத்தில் ஓர் அறை கட்ட வேண்டுமென்றும். "அந்த இரும்பை ஆருக்கும் குடுத்துவிடு அக்கா. நீ மட்டும் கை வைச்சிடாதை, பிறகு இரும்பும் உதவாமல் போயிடும்."

வழக்கம்போல் நானும் சிரித்திருக்க வேண்டும். எனக்கு ஏனோ அன்று சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய் நின்றேன். நான் நிறுத்தியதை நான் ஓடவைக்காமல் இது இந்த வளவை விட்டுப் போகாது என்று முடிவெடுத்தேன். ஒரு தரம், ஒரே ஒரு நிமிடம் ஓடினால் போதும். அப்பாவிடம் சொன்னேன். எண்பத்திரண்டு வயதில் அவருக்கு எதற்கும் கோபம் வருவதில்லை. இதற்கு வந்தது.

"உதை ஏன் கிண்டுறாய்? கிடந்தது கிடக்கட்டும்."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் தடுக்கிறார் என்று நினைத்தேன். கண் கலங்கியது எனக்கு. அந்த மடத்தனத்தை இப்போது நினைத்தால் சுவரில் முட்ட வேண்டும்போல் இருக்கிறது.

ஊரில் இரண்டு மெக்கானிக்மார் வந்து பார்த்தார்கள். இருவரும் எஞ்சினைத் தொடாமலே, பழைய இரும்புக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பாடசாலையில் என்னோடு படிப்பிக்கிற குருநகர் ஆசிரியை ஒருவர், தன் அண்ணன் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். ஐம்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் செபமாலை தொங்கியது. வந்ததும் வராததுமாகக் கொட்டிலுக்குள் போனார்.

"இதை இரும்புக்குக் குடுக்கச் சொன்னது ஆர், ரீச்சர்?"

"ரெண்டு பேர் வந்து பாத்திட்டுச் சொன்னவை, அண்ணை. எஞ்சின் இறுகிப் போச்சாம்."

"திறந்து பாத்தவையோ?"

"இல்லை."

"கடலிலை எஞ்சின் நிண்டா இறங்கி நடந்து வர ஏலாது பாருங்கோ. அதாலை நாங்கள் சொல்லுறதைக் கேட்டு நம்பிறேல்லை. திறந்து பாத்துத்தான் நம்புவம்."

அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது. அவர் கேட்பதற்கு முன்பே என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வாளித் தண்ணீர்க் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "பதினாலு வயசிலை இதை ஓடினனீங்களோ!" என்று மட்டும் கேட்டார்.

முதலில் அடியில் இருந்த ஒயிலை ஒரு தாச்சிச் சட்டியில் இறக்கினார். விரலால் தொட்டு, வெயிலில் பிடித்து, இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரு காந்தத்தை விட்டுக் கிளறினார். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

"சூடேறி இறுகின எஞ்சின் எண்டா இதுக்குள்ளை இரும்புத் தூள் கிடக்க வேணும். ஒண்டும் இல்லையே."

எனக்கு அது விளங்கவில்லை. அடுத்ததாக, எஞ்சினின் முன்பக்கம் நீளமான இரும்புத் தடியைக் கொளுவிச் சுற்றினார். ஒரு விரலளவு அசைந்து, 'டொக்' என்று நின்றது. மறுபக்கம் சுற்றினார். ஒரு விரலளவு அசைந்து, 'டொக்'. அவர் தடியை வைத்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"பிஸ்டன் பிடிச்சிருந்தா அசையவே அசையாது. இது அசையுது. எதிலையோ போய் முட்டுது."

நான் அப்போதும் ஒன்றும் நினைக்கவில்லை. மூளை ஒரு பக்கத்துக்கே முப்பது வருடமாகப் பழகியிருந்தால் மறுபக்கம் திரும்பாது. அவர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றத் தொடங்கினார். சிலிண்டர்களை மேலிருந்து மூடியிருக்கிற அந்தக் கனத்த இரும்பைத்தான் 'ஹெட்' என்கிறார்கள். நட்டுகளில் துருவுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாலாவது நட்டில் நிறுத்தினார்.

"ரீச்சர், இதை முந்தி ஆரோ திறந்திருக்கினம். இஞ்சை பாருங்கோ, நட்டு மூலையெல்லாம் ஸ்பானர் வழுக்கின அடையாளம். இது கராஜ்க்காரன்ரை வேலையில்லை. வீட்டு ஸ்பானர்."

"இல்லை அண்ணை. நிண்ட பிறகு இதை ஒருத்தரும் தொடேல்லை."

அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா குசினிக் கதவடிக்கு வந்திருந்தார். மேல்சட்டை இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, போதும். விடுங்கோ. மூடுங்கோ."

அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. கெஞ்சுகிற குரல். மெக்கானிக் என்னைப் பார்த்தார்.  "கழட்டுங்கோ அண்ணை" என்றேன்.

அவரும் நானுமாக ஹெட்டைத் தூக்கி நிலத்தில் வைத்தோம். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டார்.

"மாதாவே! என்ன இது? இதுக்குள்ளை மரம்!"

நானும் எட்டிப் பார்த்தேன். நான்கு சிலிண்டர்களில் முதல் இரண்டிலும், பிஸ்டனுக்கு மேல், வட்டமாகச் சீவிய மரக்கட்டைகள் இருந்தன. கறுப்பு நாரோடிய பனை வைரம். எங்கள் வீட்டுக் கூரை வளைக்கு வெட்டி மிஞ்சியது. துணி சுற்றி, கிறீஸ் பூசி, சிலிண்டருக்குள் அளவாக இறக்கியிருந்தது. துணி அப்பாவின் பழைய சாரம். நீலக் கட்டம். கிறீஸுக்குள் கிடந்து நிறம்கூட மாறவில்லை.

மெக்கானிக் கட்டைகளை வெளியே எடுத்தார். வேலையைக் கண்டு அவருக்கு வியப்பு. "முன்னுக்குச் சுத்தினா ஒண்டு முட்டும். பின்னுக்குச் சுத்தினா மற்றது முட்டும். வெளியாலை பாக்கிற ஒருத்தனும் கண்டுபிடிக்க ஏலாது. செய்தவன் விண்ணன்." பிறகு சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவினார். "துருவே இல்லை! இத்தினை வரியம் ஆரோ ஒயில் விட்டுக்கொண்டு வந்திருக்கினம். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை ரீச்சர். சூடேறினதாலை ஒண்டும் நடக்கேல்லை. நீங்கள் இதுக்கு ஒண்டும் செய்யேல்லை."

நீங்கள் இதற்கு ஒன்றும் செய்யவில்லை. இந்தச் சொற்களைக் கேட்டால் சந்தோஷம் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? எனக்கு வரவில்லை. அப்படியே ஒயில் தாச்சிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.  மாமி வீடு. அந்த இரண்டு நாள். விஜயதசமிக்கு விஜயதசமி அப்பா கொட்டிலைச் சாத்திக்கொண்டு மெசினுக்குத் தனியாகச் சந்தனம் பூசிய நேரங்கள். இடப்பெயர்வன்று கையில் இருந்த ஸ்பானர். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் கணிதம் படிப்பிக்கிறவள். இவ்வளவு சுலபமான கணக்கை முப்பது வருடமாகப் பிழையாகச் செய்திருக்கிறேன்.

மெக்கானிக் நல்ல மனிதர். "நான் கை கழுவிப்போட்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போய், அங்கேயே அரை மணித்தியாலம் நின்றார்.

கட்டை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கதவடியிலேயே குந்தியிருந்தார்.

"நீங்களோ?"

"ஓம்."

"அண்டைக்கு நான் ஓடினதிலை எஞ்சினுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை. பின்னேரம் ஆறின பிறகு தண்ணி ஊத்தி ஸ்ராட் பண்ணினனான். உடனை ஸ்ராட் வந்தது."

 உடனே ஸ்ராட் வந்ததாம்.

"அப்ப ஏன்?"

"மெசினைக் கேட்டு வருவினம் எண்டு தெரியும். பம்பைக் கழட்டினா கண்டுபிடிப்பினம். இறுகிப் போச்செண்டு நான் சொன்னா நம்புவினமோ? நீ சொன்னா நம்புவினம். நீ நடிக்கத் தெரியாத பிள்ளை. உனக்குச் சொல்லியிருந்தா உன்ரை முகம் காட்டிக் குடுத்திருக்கும்."

என் தலையைத் தடவிய அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது. அது மன்னிப்பு இல்லை. வேலையைச் சரியாக முடித்ததற்கான பாராட்டு. நான் வாழ்க்கையில் ஒருவரிடமும் உரத்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"அவை போன பிறகு சொல்லியிருக்கலாமே! ஊர் திரும்பி வந்த பிறகு சொல்லியிருக்கலாமே! முப்பது வரியம் அப்பா! நான் ஒரு சைக்கிள் டைனமோவைத் தொடவும் பயந்து திரிஞ்சனான்! எல்லாரும் சிரிக்கேக்கை நீங்களும் இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்!"

 அவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"கட்டையைப் போடேக்கை, வேணுமெண்டா ஒரு நாளிலை எடுக்கலாம் எண்டுதான் நினைச்சனான். இடம்பெயர்ந்த அண்டைக்கு ஒரு மணித்தியாலம்கூடத் தரேல்லை. ஸ்பானரோடை போய் நிண்டு பாத்தனான். ஹெட்டைக் கழட்ட நேரமில்லை. கொம்மா நடந்தவ. கொம்மாவின்ரை காலைப் பாத்தாப் பிறகு, நான்தான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"ஒருக்காலும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

இதுதான் என்னை அடித்து விழுத்தியது. மரக்கட்டையைக் கண்டபோதுகூட இவ்வளவு அதிர்ச்சி இல்லை. அம்மா இருபத்தாறு வருடம் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து, என் முகத்துக்காகப் பேச்சை வெங்காய விலைக்கு மாற்றி, கடைசியில் என் மடியில் தலைவைத்துச் செத்துப்போனார். தன் காலைக் கெடுத்தது தன் மகள் என்று நம்பிக்கொண்டே, அந்த மகளை மன்னித்துக்கொண்டே செத்துப்போனார். இனி அதை எப்படித் திருத்துவது? எஞ்சினைத் திருத்த ஆள் பிடிக்கலாம்.

அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டேன். கதைக்கவில்லை. அடுத்த நாளும் கதைக்கவில்லை. அவர் இத்தனை வருடமும் கூலி மெசின் பிடித்துத் தோட்டம் உழுததும், கொட்டிலில் நல்ல எஞ்சின் நிற்க அதைத் தொடாமல் தன்னையே தண்டித்ததும் எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. அவர் தனக்குத் தண்டனை கொடுத்தார், சரி. எனக்கு ஏன் கொடுத்தார்?

மெக்கானிக் பத்து நாள் வந்து போனார். யாழ்ப்பாணத்தில் தேடி ஹெட்டுக்குப் புதிய கஸ்கெட் வாங்கினார். வால்வுகளைத் தேய்த்துச் சரிபார்த்தார், இஞ்செக்டர்களைக் கழுவினார், எண்ணெய்த் தாங்கியிலிருந்து முப்பது வருடப் பிசினைச் சுரண்டி எடுத்தார். ரேடியேற்றர் ஓட்டைக்கு ஈயம் பற்றவைத்தார். நான் பக்கத்தில் நின்று நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். முதல் நாள் கை தயங்கியது. "பிடியுங்கோ ரீச்சர், அது உங்களைக் கடிக்காது" என்று பகிடி பண்ணினார். நாலாம் நாள் நானே ஸ்பானர் பிடித்து இறுக்கினேன். அப்பா கதவடியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தரம், "அந்த நட்டுகளை நடுவிலையிருந்து இறுக்க வேணும்" என்று வாய் தவறிச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

ஓட்டிப் பார்க்கிற நாளன்று மெக்கானிக் தன் வள்ளத்துப் பற்றறியைக் கொண்டுவந்து பூட்டினார். "தண்ணி ஊத்துங்கோ" என்றார். அப்பா வாளியைத் தூக்க எழும்பினார். நான் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"விடுங்கோ. இது என்ரை வேலை."

ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினேன். ஏறி இருந்தேன். மூன்றாம் முறைக்கு எஞ்சின் பிடித்தது. கறுப்புப் புகை, பிறகு வெள்ளைப் புகை, பிறகு அந்தச் சத்தம். பதினான்கு வயதில் கடைசியாகக் கேட்ட அதே சத்தம். என் உடம்பு முழுவதும் அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன், எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. முதலாம் கியரில் வாழைத் தோட்டத்தைச் சுற்றினேன். இரண்டாம் சுற்றில் அந்தக் கடைசிப் பாத்தி வந்தது. தாண்டினேன். எஞ்சின் நிற்கவில்லை.

அன்று பின்னேரம் தம்பிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக இடையில் நாலு பகிடி விடுகிறவன், அன்று ஒரு பகிடியும் விடவில்லை.  பிறகு, "நான் உன்னை எவ்வளவு பகிடி பண்ணினனான் அக்கா" என்றான்.  அறையை வேறு இடத்தில் கட்டலாம் என்றான்.

நான்கு நாள் கழித்துச் சித்திரைப் பறுவம். தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற பௌர்ணமி நாள். ஒவ்வொரு வருடமும் நானும் அப்பாவும் கீரிமலைக்குப் போவோம். அம்மாவின் சாம்பலை அங்கேதான் கடலில் கரைத்தோம். அன்று காலை நான் அப்பாவிடம், இரண்டு கிழமையில் முதல்தரமாக முகம் கொடுத்துக் கதைத்தேன்.

"வெளிக்கிடுங்கோ. நீங்கள் அம்மாவுக்குச் சொல்ல வேணும்."

அவருக்கு உடனே விளங்கியது. ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஓட்டோவில் போகும்போது அவர் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார். கீரிமலையில் நல்ல சனம். கேணியில் தோய்ந்துவிட்டு, ஈர வேட்டியோடு கடலோரப் படிக்கு வந்தார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஒரு படி மேலே நின்றேன். அவர் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். உதடு அசைந்தது. அலைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"உரத்துச் சொல்லுங்கோ" என்றேன். "அம்மாவுக்குக் கேக்க வேணும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். எண்பத்திரண்டு வயது நெஞ்சை நிமிர்த்தி, படியில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, கத்திச் சொன்னார்:

"மெசினை நிப்பாட்டினது பிள்ளை இல்லையப்பா! பிள்ளை ஒண்டும் செய்யேல்லை! நான்தான்!"